வரிசையில் நிற்பவரின் ஹக்கு



பள்ளிக்கூட விடுமுறை நெருங்கிவிட்டால் நம் ஜமாஅத்தில் பேச்செல்லாம் பிரயாணத்தைப் பற்றியதாகவே இருக்கும். ஊருக்குப் போகிறவர்கள், உம்ராவுக்குப் புறப்படுகிறவர்கள், பிள்ளைக்குக் கலியாணம் பேசப் போகிறவர்கள் என்று வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி திறந்து கிடக்கும். போய்த் திரும்பியவரிடம் "பிரயாணம் எப்படி?" என்று விசாரித்தால் முன்பெல்லாம் ஊர்ச் செய்தி சொல்வார்கள். இப்போதோ எடுத்த எடுப்பில் விமான நிலையத்துக் குடிநுழைவு வரிசையைப் பற்றித்தான் சொல்கிறார்கள். எத்தனை மணி நேரம் நின்றார்கள், அடுத்த விமானத்தை எப்படி ஓடிப் பிடித்தார்கள், அல்லது எப்படித் தவற விட்டார்கள் என்பதே கதை. அதிலே ஒரு விஷயம் நம் மனத்தை உறுத்துகின்றது. பிறரை ஏமாற்றி முன்னே புகுந்து தப்பித்ததைச் சிலர் சாமர்த்தியமாகச் சொல்கிறார்கள், கேட்பவர்களும் சிரிக்கிறார்கள். ஆகவே இம்மாதம் இதைப் பற்றியே பேசலாமென்று எண்ணினோம்.

வரிசையில் நிற்பது நமக்குப் புதிதல்ல. நம் வாப்பாமார்களும் பாட்டன்மார்களும் நாகப்பட்டினத்தில் மூட்டை முடிச்சுகளோடு காத்துக் கிடந்து ரஜூலா கப்பலில் ஏறி வந்தவர்கள்தாம். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை இந்த வங்கக் கடலில் நம்மவர்களைச் சுமந்தது. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, அலையில் நனைந்து, வெயிலில் காய்ந்து வந்தவர்களைக் கரையிறங்கியதும் உடனே விட்டுவிடவில்லை. கப்பலில் யாருக்கேனும் அம்மையோ வாந்திபேதியோ கண்டிருந்தால் பினாங்குக்காரர்களை ஜெர்ஜாக் தீவிலும், சிங்கப்பூர்க்காரர்களை ஸெயின்ட் ஜான்ஸ் தீவிலும் நாட்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். அதை நோக்க நாம் நிற்கும் இரண்டு மணி நேரம் எம்மாத்திரம்? ஆனால் அவர்களுக்கு இல்லாத ஒன்று நமக்கு வந்திருக்கின்றது. அதுதான் அடுத்த விமானம். அவர்கள் தீவை விட்டு வந்தால் வேலைக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். நமக்கோ நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்கின்றது. கடிகாரத்தைப் பார்க்கும்போது பக்கத்தில் நிற்கும் மனிதன் கண்ணில் படுவதில்லை. வினை அங்கேதான் தொடங்குகின்றது.

பிரயாணம் வேதனையின் ஒரு பகுதியென்றும், அது மனிதனின் உணவையும் உறக்கத்தையும் தடுப்பதென்றும், வந்த காரியம் முடிந்தால் விரைந்து வீடு திரும்புவதே நல்லதென்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பதை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். விமானத்தில் குளிர்ச்சியும் மெத்தை ஆசனமும் வந்துவிட்டதால் இந்த ஹதீஸ் ஒட்டகக் காலத்துக்கு மட்டும் உரியதென்று யாரேனும் நினைத்தால், அவர் நள்ளிரவில் மூன்று விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிய நேரத்தில் ஒரு குடிநுழைவுக் கூடத்துக்குள் சென்று பார்க்கட்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம்மவர்கள் அதிகம் செல்லும் சிறிய ரக ஏர்பஸ் விமானத்தில் ஏறத்தாழ 180 பேர் உட்காரலாம். அரை மணி நேரத்துக்குள் அப்படி மூன்று விமானங்கள் வந்தால் 540 பேர். பத்துக் கவுண்டர்கள் திறந்திருக்கின்றன, ஒருவருக்கு இரண்டு நிமிஷம் பிடிக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் நிற்பவரின் முறை முடிய 108 நிமிஷம் ஆகும். யாரும் சோம்பி இராமலே, யாரும் தவறு செய்யாமலே இவ்வளவு நேரம். இந்தியாவுக்கு மின் விசாவில் செல்பவர்களிடம் விரல் ரேகையும் எடுக்கிறார்கள். வயதானவர்களின் தேய்ந்த ரேகை கருவியில் விழ மறுக்கும். இரண்டு நிமிஷம் ஐந்தாகும். அங்கே உட்கார்ந்திருக்கும் உத்தியோகஸ்தர் இரவெல்லாம் கண் விழித்திருப்பவர். விமானங்களை ஒரே நேரத்தில் இறங்கச் சொன்னவர் அவரல்லர். அவரைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதும், காது கேட்க ஏசுவதும் எந்த நியாயத்தில் சேரும்?

சரி, அப்படியானால் என்னதான் செய்வது? சபூர் செய்யுங்கள் என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடித்துவிடலாம். பல இடங்களில் அப்படித்தான் முடித்துவிடுகிறார்கள். ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமலே அல்லாஹ்வின்மேல் பாரத்தைப் போடலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். விமானப் பிரயாணிக்கு ஒட்டகத்தைக் கட்டும் இடம் வரிசையல்ல. டிக்கெட் வாங்கும் இடம். அங்கே கட்டாமல் விட்டுவிட்டு, வரிசையில் நின்று 'யா அல்லாஹ்' என்று பதறுகிறோம்.

காயல்பட்டினத்துச் சகோதரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட்டும், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வேறு கம்பெனியில் தனி டிக்கெட்டும் வாங்குகிறார். காலை 10 மணிக்கு இறக்கம், 11.30-க்கு அடுத்த விமானம். ஒன்றரை மணி நேரம் தாராளம் என்று அவருக்குத் தோன்றுகின்றது. ஆனால் உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி வாங்கும் கவுண்டரைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஆக அவருக்கு உண்மையில் இருப்பது அரை மணி நேரம். அந்த அரை மணிக்குள் விமானத்தை விட்டு இறங்கி, குடிநுழைவு வரிசையில் நின்று, சுழலும் பட்டையில் பெட்டியைத் தேடி எடுத்து, சுங்கத்தைக் கடந்து, உள்நாட்டு முனையத்துக்கு நடக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குள் எந்த நிலையத்தில் முதலில் இறங்குகிறோமோ அங்கேயே குடிநுழைவும் சுங்கமும் முடிக்க வேண்டுமென்பது பொதுவான விதி. முதல் விமானம் இருபது நிமிஷம் தாமதமானால் எல்லாம் தீர்ந்தது. இரண்டும் தனித்தனி டிக்கெட்டானபடியால் தூத்துக்குடி விமானக் கம்பெனிக்கு அவர்மேல் ஒரு கடமையும் கிடையாது. இரண்டையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால் மாற்று விமானத்துக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பு பொதுவாகக் கம்பெனியுடையது. சில வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய்ப் பல வெள்ளியை இழக்கும் இந்த வியாபாரம் கடை வைத்துப் பிழைக்கும் நம்மவர்களுக்குத் தெரியாததா?

திருச்சிக்குச் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் நேர் விமானம் இருக்கும்போது, சுற்றி வளைத்து இரண்டு இடத்தில் மாறிச் செல்கிறவர்களையும் பார்க்கிறோம். வயதான உம்மாவை அழைத்துக்கொண்டு அப்படிச் செல்ல வேண்டுமா என்று ஒரு தரம் யோசிக்கலாம். உம்ராவுக்குச் செல்கிறவர்கள் ஏஜண்டிடம் ஹோட்டல் ஹரமுக்கு எவ்வளவு பக்கம் என்று பத்துத் தரம் கேட்கிறார்கள்; நடுவில் விமானம் மாற எத்தனை மணி நேரம் விட்டிருக்கிறீர்கள் என்று ஒரு தரம்கூடக் கேட்பதில்லை. மலேசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குச் செல்வோருக்குச் சவூதிக் குடிநுழைவுச் சோதனையைப் புறப்படும் நிலையத்திலேயே முடித்துவிடும் ஏற்பாடு இருக்கின்றது. உம்ராப் பிரயாணியோ அங்கே இறங்கிய பிறகுதான் வரிசையில் நிற்க வேண்டும் என்பதை எண்ணி நேரம் ஒதுக்கிக்கொள்ளட்டும்.

பாரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலேசியாவுக்கு வரும் வெளிநாட்டார் 2023 டிசம்பர் 1 முதல் மின் வருகை அட்டையை மூன்று நாளைக்குள் முன்கூட்டி நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. சிங்கப்பூருக்கு வருவோருக்கும் அவ்விதமே ஓர் அட்டை இருக்கின்றது. இந்தியாவும் வெளிநாட்டுக் கடப்பிதழ்க்காரர்களுக்கு 2025 அக்டோபர் 1 முதல் மின் வருகை அட்டையைக் கொண்டுவந்துவிட்டது. இவற்றை வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே நிரப்பிவிடலாம். கவுண்டர் வரை வந்தபின் கைப்பேசியைத் தடவிக்கொண்டு நிற்பவர் தம் நேரத்தை மட்டும் வீணாக்கவில்லை. பின்னால் நிற்கும் நூறு பேர் நேரத்தில் கை வைக்கிறார். சாங்கியில் 2024 முதல் சிங்கப்பூர்வாசிகள் கடப்பிதழை எடுத்துக் காட்டாமலே முகத்தையும் கண்ணையும் காட்டிக் கடந்து செல்கிறார்கள். அந்த வேகத்துக்குப் பழகியவர்களுக்குத்தான் மற்ற ஊர் வரிசைகளில் அதிகம் கோபம் வருகின்றது போலும்!

இனி வரிசைக்குள் வருவோம். ஜும்ஆ நாளில் பெருமானார் (ஸல்) அவர்கள் குத்பா ஓதிக்கொண்டிருந்தபோது ஒருவர் உட்கார்ந்திருந்தவர்களின் கழுத்தைத் தாண்டித் தாண்டி முன்னே வந்தார். அவரை உட்காரச் சொல்லி, நீர் ஜனங்களைத் துன்புறுத்திவிட்டீர் என்று கண்டித்தார்கள். கவனியுங்கள். அம்மனிதர் போனது இமாமுக்குப் பக்கத்தில் இருக்க, நோக்கம் நல்லதுதான். அப்படியிருந்தும் முன்னால் வந்தவர்களின் ஹக்கை மிதித்தது மிதித்ததுதான். பள்ளிவாசலுக்குள் முதல் ஸஃப்புக்காகவே கூடாதென்றால், விமானத்துக்காகக் கூடுமா? நாமோ ஒருவரை வரிசையில் நிறுத்திவிட்டு, முறை நெருங்கும்போது பிள்ளை குட்டியோடு ஆறு பேராக வந்து நுழைகிறோம். பின்னால் நிற்பவர் ஒருவருக்குப் பின் ஒருவர் என்று கணக்கிட்டு நின்றவர். அவர் கணக்கை ஒரு நொடியில் ஏழாக்குவது எந்தச் சட்டம்? அவர் முஸ்லிமாயிருந்தாலும் சரி, சீனராயிருந்தாலும் சரி, வெள்ளைக்காரராயிருந்தாலும் சரி, ஹக்கு ஹக்குதான். அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அவனிடமே தவ்பாச் செய்து கேட்கலாம். அடியார்களின் ஹக்கை அந்த அடியாரிடமல்லவா கேட்க வேண்டும்? குடிநுழைவுக் கூடத்தில் ஐந்து நிமிஷம் பறிகொடுத்து எந்த நாட்டுக்கோ போய்விட்ட அந்த முகம் தெரியாத மனிதரை நாளை எங்கே தேடுவோம்?

அப்படியானால் விமானம் போய்விடும் நிலையில் இருப்பவன் வாய் மூடி நிற்கத்தான் வேண்டுமா என்று கேட்கலாம். இல்லை. இதற்கு ஓர் அழகான வழியை ஸஹீஹுல் புகாரியிலே காண்கிறோம். பெருமானாரிடம் ஒரு பானம் கொண்டுவரப்பட்டது. அவர்கள் அருந்திய பின் மீதத்தைக் கொடுக்க வேண்டும். வலப்புறத்தில் ஒரு சிறுவர். இடப்புறத்தில் வயதில் மூத்தவர்கள். முறைப்படி வலப்புறத்தாருக்கே முதல் உரிமை. மூத்தவர்களுக்குக் கொடுக்க எண்ணிய பெருமானார் என்ன செய்தார்கள்? அந்தச் சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். சிறுவரோ, தங்களிடமிருந்து கிடைக்கும் என் பங்கை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். உடனே கிண்ணம் சிறுவர் கையிலேயே வைக்கப்பட்டது. சகோதரர்களே, அகிலத்துக்கு அருட்கொடையாக வந்தவர்கள் ஒரு சிறு பிள்ளையின் முறையை அவர் சம்மதமில்லாமல் எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கவில்லை. கேட்டார்கள், மறுத்தபோது ஏற்றுக்கொண்டார்கள்.

ஆகவே அவசரக்காரரே, கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. அடுத்த விமானத்தின் சீட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் அங்கே நிற்கும் நிலைய ஊழியரிடம் சொல்லுங்கள். பல நிலையங்களில் அவர்களே தனி வழியில் அனுப்புவதுண்டு. இல்லாவிட்டால் முன்னால் நிற்பவரிடம், ஒருவர் ஒருவராக, மரியாதையோடு கேளுங்கள். முதலாமவர் சம்மதித்துவிட்டார் என்பதற்காக அவருக்கு முன்னால் நிற்பவர்களும் சம்மதித்ததாக ஆகாது. மறுத்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள். அவருக்கும் ஒரு விமானம் இருக்கலாம். கேட்கப்படுகிறவரே, உங்களுக்கு அடுத்த விமானம் இல்லையென்றால், வீட்டுக்குப் போய்ப் படுப்பதுதான் வேலையென்றால், விட்டுக்கொடுத்தால் குறைந்தா போய்விடுவீர்கள்? மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. உரிமை இருக்கும்போது விட்டுக்கொடுப்பதற்குத்தானே கூலி?

சக்கர நாற்காலி விஷயத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. நடக்க முடியாதவர்களுக்கு விமானக் கம்பெனிகள் சக்கர நாற்காலியும் தள்ள ஆளும் தந்து, தனி வழியில் அழைத்துச் செல்கின்றன. நம் ஊர் விமானங்களில் இதற்குப் பெயர் கொடுப்போர் தொகை பெருகிக்கொண்டே போகின்றது. நல்ல காலோடு நாற்காலியில் உட்கார்ந்து வரிசையைக் கடந்து, பெட்டி வந்ததும் எழுந்து நடந்து போகும் அதிசயங்களைப் பிரயாணிகள் பார்த்துத்தான் இருக்கிறார்கள். ஆளும் நாற்காலியும் அளவாகத்தான் இருக்கும். ஒரு பொய்க் கால்வலிக்காக, உண்மையாகவே இடுப்பு ஒடிந்த ஒரு மூதாட்டி விமான வாசலில் அரை மணி நேரம் காத்துக் கிடக்கிறாள்.

ஹஜ்ஜின்போது முஸ்தலிஃபாவில் அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் கூட்டத்துக்கு முன்பே புறப்பட்டுவிட அனுமதி கேட்டார்கள். அவர்கள் கனத்த உடலும் மெதுவான நடையும் கொண்டவர்கள். பெருமானார் அனுமதித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடியும்வரை தங்கி மற்றவர்களோடுதான் புறப்பட்டார்கள். தாமும் கேட்டிருக்கலாமே என்று பிற்காலத்தில் ஏங்கிச் சொன்னார்கள். பலவீனருக்குச் சலுகை கொடுப்பது நம் மார்க்கம் கொடுத்த வழி. பலவீனம் என்ற சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொள்வது யார் கொடுத்த வழி?

பிரயாணக் கூட்டத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் பின்தங்கி வந்து, நடக்க மாட்டாதவர்களை ஊக்கி, சிலரைத் தம் பின்னால் ஏற்றிக்கொண்டு, அவர்களுக்காகத் துஆவும் செய்வார்கள் என்று அபூதாவூதில் வருகின்றது. நம் உம்ராக் குழுக்களில் இளைஞர்கள் முன்னால் ஓடி வரிசை பிடிக்கிறார்கள். கிழவர்கள் பின்னால் தனியே தடுமாறுகிறார்கள். ஒரு இளைஞராவது கடைசி ஆளோடு நடந்து வரட்டும். அவர்களில் பலருக்கு அறிவிப்புப் பலகை படிக்கத் தெரியாது.

வக்துத் தொழுகையைப் பற்றிக் கேட்டு வந்திருக்கிறார்கள். நீண்ட பிரயாணத்தில் இருக்கும் ஷாபிஈ மத்ஹபினர் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். மஃரிப் வக்தில் வரிசையில் சிக்கிக்கொண்டால், அந்த வக்து கழியும் முன்பே பிற்படுத்தித் தொழுவதாக நிய்யத் வைத்துக்கொண்டு இஷாவோடு சேர்த்துத் தொழலாம். ஹனபிச் சகோதரர்கள் அப்படிச் சேர்ப்பதில்லை. அவர்கள் வக்துக்குள்ளேயே தொழ வேண்டும். பின்னால் நிற்பவரிடம் சொல்லிவிட்டுப் போய்த் தொழுதுவிட்டு வந்தால் இடம் கொடுக்காத மனிதர் அபூர்வம். சொல்லாமல் போய்விட்டுத் திரும்பி வந்து முன்னே நுழைந்தால், அது தொழுகையின் பெயரால் கழுத்தைத் தாண்டியதாகிவிடும். சிங்கப்பூரிலேயே வசிப்பவர் சாங்கியில் காத்திருக்கும்போது தம் ஊர் எல்லையைக் கடந்தவராக ஆகவில்லை என்பதையும் நினைவில் வைத்து, தக்க ஆலிமிடம் விளக்கம் கேட்டுக்கொள்ளவும்.

இவ்வளவும் எழுதும்போது நம் மனத்தில் நிற்பது ஒரே ஒரு பிரயாணிதான். நடுநிசியில் ஊரிலிருந்து சேதி வருகின்றது: வாப்பா மவுத்தாகிவிட்டார். கிடைத்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு மகன் ஓடுகிறான். அவன் ஒட்டகத்தைக் கட்ட அவகாசம் ஏது? மையித்தை அதிக நேரம் வைத்திருக்கக் கூடாது. ஊரில் கபர் வெட்டியாகிவிட்டது. அஸருக்கு அடக்கம் என்று சொல்லிவிட்டார்கள். நம் ஜமாஅத்தில் இது நடக்காத வருஷமில்லை. அவன் அந்த வரிசையில் நமக்குப் பின்னால் ஒன்பதாவது ஆளாக நிற்கிறான். சத்தமாக அழ வெட்கப்பட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்கிறான். கழுத்தைத் தாண்டிக் குதிக்கிறவர்களால் அவன் பதினைந்தாவது ஆளாகிறான்.

யாரும் வழிவிடாமல், விமானமும் தவறி, அவன் போய்ச் சேரும்போது மண் மூடியிருந்தால்? அவனுக்கும் மார்க்கம் வாசலைச் சாத்திவிடவில்லை. மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கித் துப்புரவு செய்து வந்த ஒருவர் மவுத்தானபோது, தோழர்கள் பெருமானாருக்கு அறிவிக்காமலே அடக்கிவிட்டார்கள். பின்னர் அவரைக் காணோமே என்று பெருமானார் விசாரித்தார்கள். சேதி தெரிந்ததும் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, கபரைக் காட்டச் சொல்லி, அங்கே போய் நின்று ஜனாஸாத் தொழுகை தொழுதார்கள். இதைக் கொண்டு ஷாபிஈ மத்ஹபில் ஜனாஸாவைத் தவற விட்டவர் கபருக்கு முன்னால் நின்று தொழலாம். ஹனபிச் சகோதரர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். துஆவுக்கும் ஸதக்காவுக்கும் எந்த மத்ஹபிலும் தடையில்லை. பிரயாணியின் துஆ ஏற்கப்படும் என்றும் ஹதீஸில் வந்திருக்கின்றது. அந்த மகன் வரிசையில் நின்ற நேரமெல்லாம் பிரயாணியாகத்தான் நின்றான். வாப்பாவுக்காகத் துஆக் கேட்க அவனுக்கு அடுத்த விமானம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வஸ்ஸலாம்.